கரைக்கு நடுவே நின்ற சட்டத்தரணி ஸெய்னுதீன்

(திருகோணமலை, 1980. மறைந்த சட்டத்தரணி எம். எஸ். ஸெய்னுதீன் அவர்களுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் சட்டத்தரணி க. சிவக்கொழுந்து ஆற்றிய உரை. இடையில் சபையிலிருந்து எழுந்த குரல்களும் சேர்க்கப்பட்டுள்ளன.)

பெருமதிப்புக்குரிய தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் றஊப் மாஸ்டர் அவர்களே! மேடையிலே வீற்றிருக்கும் பள்ளிவாசல் நிருவாகிகளே, ஆலய பரிபாலன சபையினரே! என்னோடு கறுப்புக் கோட்டு அணிந்து காலம் கழித்த சக சட்டத்தரணிகளே! தகப்பனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை றம்லா அவர்களே! கணவரை இழந்த உங்கள் தாயார் வீட்டோடு இத்தா இருப்பதால் இங்கு வர இயலாது என்பதை அறிவோம். இங்கே சொல்லப்படும் ஆறுதலில் அவருக்குரிய பங்கை நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அடுத்ததாக நான் விளிக்க வேண்டியவர்கள் இரண்டு ஊரார். என் இடக்கைப் பக்கத்தில் நாவற்கரையார் இருக்கிறீர்கள். வலக்கைப் பக்கத்தில் புளியமுனையார் இருக்கிறீர்கள். எவர் பெயரை முதலில் சொன்னாலும் மற்றவர் முகம் கோணும் என்று எனக்குத் தெரியும். ஆகவே, இறக்கக்கண்டிக் கரையோரத்துப் பெருமக்களே என்று ஒரே சொல்லில் இருவரையும் வணங்குகிறேன்.

இரங்கல் கூட்டத்திலே பேசுகிறவனுக்குத் துக்கம் இருக்க வேண்டும். எனக்குத் துக்கம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாகப் பயம் இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்? இந்த மண்டபத்துக்கு வெளியே பொலிஸ் ஜீப் நிற்பதை எல்லோரும் கண்டுதான் உள்ளே வந்தீர்கள். இரங்கல் கூட்டத்துக்கு ஜீப் எதற்கு? நேற்று மீன் சந்தையிலே நாவற்கரையின் வலைச் சொந்தக்காரர், சம்மாட்டி கதிரவேல் அவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்ன ஒரு சொல்லுக்காக! அவர் என் கட்சிக்காரர். என்னிடம் தனிமையில் சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். சந்தையில் சொன்னது இரகசியம் இல்லை. அவர் சொன்னது இதுதான்: "லோயர் ஐயா மௌத்தாப் போனார். அவர் போட்ட கோடும் அவரோட போச்சு. நாளையிண்டைக்கு நாங்கள் நடுப்பாட்டில வலை வளைப்பம்."

நேற்றுச் சொன்ன அந்த நாளையின்றைக்கு என்பது நாளை.

ஆகவே, நண்பர்களே, நான் இன்று ஸெய்னுதீன் அவர்களின் புகழைப் பாடி, பூமாலை சாத்தி, ஒரு நிமிடம் மௌனம் காத்துவிட்டுப் போக ஏலாது. அவர் யார், அந்தக் கோடு எது, அது எந்தச் சட்டத்தின் மேல் நின்றது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிண்ணியாவிலே, குறிஞ்சாக்கேணியிலே பிறந்தவர் ஸெய்னுதீன். கொழும்பிலே சட்டம் படித்தார். அவரோடு படித்தவர்கள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலே அறை எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டியபோது, இவர் ஐக்கிய நாடுகள் சபையின் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்துக் காசாவுக்குப் போனார். எகிப்துக்கும் இஸ்ரவேலுக்கும் நடுவே ஐ.நா. அவசரகாலப் படை நின்ற காலம் அது. நீலத் தொப்பி போட்ட படைவீரர்கள். அந்தப் படையின் தலைமையகத்திலே சட்ட உதவி அலுவலர் நம்முடைய ஸெய்னுதீன்.

அந்தப் படை எப்படிப் பிறந்தது என்பதை அவர் சட்டத்தரணிகள் அறையிலே எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பார்! சுயஸ் கால்வாய்ச் சண்டை மூண்டபோது பாதுகாப்புச் சபை கூடியது. பிரித்தானியாவும் பிரான்சும் தாங்களே அந்தச் சண்டையில் இறங்கியிருந்தன. இரண்டும் வீட்டோவைப் போட்டன. சபையின் கை கட்டப்பட்டது. அப்போது பொதுச்சபை அவசரமாகக் கூடி அந்தப் படையை உண்டாக்கியது. பொதுச்சபைக்கு எவரையும் கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லை. அப்படியானால் அந்தப் படை எந்த உரிமையில் இன்னொரு நாட்டின் மண்ணிலே கால் வைத்தது? சம்மதத்தில்! அந்த நாடு "வாருங்கள்" என்று சொன்ன ஒரு சொல்லில்!

அதைக் கேட்டு நான் சிரித்தேன். "சிவா, ஏன் சிரிக்கிற?" என்று கேட்டார்.

"ஐ.நா. சாசனத்திலே அமைதிப்படை எண்டு ஒரு சொல்லாவது இருக்கோ? இல்லை. ஆறாம் அத்தியாயம் பேசு, விசாரி, சமரசம் செய், நடுவரிட்டப் போ, நீதிமன்றம் போ எண்டு சொல்லுது. ஏழாம் அத்தியாயம் அடி எண்டு சொல்லுது. நடுவில நிக்கிற உங்கட படைக்கு அத்தியாயமே இல்லை" என்றேன்.

"ஓம். ஆறரையாம் அத்தியாயம் எண்டு நாங்களே பகிடி பண்ணுவம். அத்தியாயம் இல்லாமப் பத்து வருசத்துக்கு மேல ஆளையாள் சுடாம வச்சிருந்தது அது. ஒன்ட ஏழாம் அத்தியாயம் எங்க அப்பிடி வச்சிருந்திச்சு, சொல்லு பாப்பம்?"

ஒரு கேள்விக்கு அஞ்சி வாதத்தை விட்டுக்கொடுக்கிற சட்டத்தரணி எங்கே இருக்கிறான்? பின்னால் பலம் இல்லாத கட்டளை சட்டமே இல்லை என்பது என் கட்சி. முன்னால் சம்மதம் இல்லாத பலம் நிலைக்காது என்பது அவர் கட்சி. இந்த ஊரின் நீதிமன்றத்திலே நாங்கள் இருவரும் வாதாடிய எல்லா வழக்குகளுக்கும் கீழே ஓடிய வழக்கு இதுதான்.

ஆனால் அவரும் தன் கட்சியை முழு நிம்மதியோடு பேசியவர் இல்லை. 1967ஆம் ஆண்டு வைகாசியிலே நடந்ததை அவர் சொன்னபோது, கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. எகிப்து தன் சம்மதத்தை மீளப் பெற்றது. படையைப் போகச் சொன்னது. தலைமையகத்திலே ஒரு கப்டன் இவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நாங்கள் மாட்டோம் என்று சொல்ல முடியாதா?" என்று கேட்டாராம்.

"நான் என்ன சொல்றது, சிவா? அது அவங்கட மண். அவங்கட சம்மதத்தில வந்த நாங்க. சம்மதம் போனா நிக்க ஏலா. அதத்தான் சொன்னன். சட்டப்படி சரி. அந்த மனிசன் சலூட் அடிச்சிட்டுப் போனார். அடுத்த மாசம் சண்டை வந்திச்சு. பெட்டி கட்டிக்கொண்டு நிண்ட எங்கட சிப்பாய்மாரும் செத்தாங்க."

"நீங்கள் சொன்னதில பிழை என்ன?" என்று கேட்டேன்.

"பிழை அந்தச் சொல்லில இல்ல. தொடக்கத்தில இருந்திச்சு. மற்றப் பக்கம், இஸ்ரவேல், எங்கள அதுட மண்ணில நிக்க விடவே இல்ல. ஒரு பக்கத்துச் சம்மதத்தில நிண்டம். ஒரு காலில நிக்கிற ஆளத் தள்ள எவ்வளவு நேரம் செல்லும்? அதோட, போ எண்டு சொன்னா எவ்வளவு காலத்துக்குள்ள போறது, போக முதல் ஆரோட ஆர் பேசுறது, ஒண்டும் எழுதிக்கிடக்கல்ல."

அந்த ஆண்டே அவர் உத்தியோகத்தை விட்டு ஊர் வந்தார். ஜெனீவாவிலே நல்ல பதவி காத்திருந்தது. போகவில்லை. திருகோணமலை நீதிமன்றத்திலே காணி வழக்கும் மனைவி மக்களுக்கான தாபரிப்பு வழக்கும் பேசினார்.

இப்போது 1974க்கு வருகிறேன். அந்த ஆண்டின் பெயரைச் சொன்னதும் இரண்டு பக்கத்திலும் சிலர் தலை குனிவது தெரிகிறது. குனிய வேண்டாம். நிமிர்ந்து கேளுங்கள்.

தமிழர் வாழும் நாவற்கரைக்கும் முஸ்லிம்கள் வாழும் புளியமுனைக்கும் இடையிலே கரைவலை இழுக்கிற ஒரு கடற்கரைத் துண்டு. அதைத்தான் நடுப்பாடு என்கிறீர்கள். தங்கள் பாட்டன் காலத்திலிருந்து தங்களுடையது என்று இரண்டு ஊரும் சொன்னது. நாவற்கரைக்காக நான் நீதிமன்றம் போனேன். வழக்கு முடியும்வரை புளியமுனையார் அங்கே வலை வளைக்கக் கூடாது என்று இடைக்காலக் கட்டளை பெற்றேன். எவ்வளவு பெருமை எனக்கு! கட்டளையைக் கரையிலே ஒரு தென்னையில் ஒட்டினார்கள். மறுநாள் அது கிழிந்து கிடந்தது. அதற்கடுத்த நாள் நாவற்கரையாரின் வலையை யாரோ வெட்டினார்கள். அன்று பின்னேரமே புளியமுனையாரின் மீன்வாடிக் கொட்டில் எரிந்தது. எரிகிற வாடியை அணைக்க ஓடிய இளந்தாரி ஒருவனுக்கு வயிற்றிலே கத்திக்குத்து. என்னுடைய கட்டளை எதைக் காப்பாற்றியது?

மறுநாள் காலை நான் கரைக்குப் போனேன். ஒரு பக்கம் நாவற்கரை ஆண்கள், மீன் குத்தும் மண்டாவும் கத்தியும் துடுப்பும் கையில். மறுபக்கம் புளியமுனை ஆண்கள், அதே மண்டா, அதே கத்தி, அதே துடுப்பு. வீதியிலே பொலிஸ் லொறி. துவக்கோடு இறங்க ஆயத்தமாக நிற்கிறார்கள். நான் இன்ஸ்பெக்டரிடம் போய் என் கட்டளையைக் காட்டினேன். "இதை நிறைவேற்றுங்கள்" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன்! அந்த நேரம் அவர்கள் இறங்கியிருந்தால் அந்த மணலிலே எத்தனை பிணம் விழுந்திருக்கும்?

அப்போது ஸெய்னுதீனின் பழைய மொறிஸ் கார் வந்து நின்றது. இறங்கியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டரிடம் நேரே போனார். "உங்கட ஆக்கள் வீதியிலயே நிக்கட்டும். நான் பேசிப் பாக்கிறன். பேச்சு முறிஞ்சா உங்கட வேலையைச் செய்யுங்க, நான் குறுக்க வரமாட்டன்" என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கட்டளையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவ்வளவுதான் நான் அன்று செய்த நல்ல காரியம்.

வெள்ளைச் சேட்டு, கையிலே ஒரு குடை. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நடந்து போனார். குடை நுனியால் மணலிலே ஒரு கோடு கீறி, குடையைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையை இரண்டு பக்கமும் காட்டினார்.

கதிரவேல் அவர்கள் கத்தினார், எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது: "லோயர் ஐயா, நீங்கள் அவங்கட ஆள்! நடுவில நிண்டு எங்களை ஏமாத்தேலாது!"

"நீங்க அப்பிடி நினைக்கிறது நியாயம்" என்றார் ஸெய்னுதீன். "என்னை நம்பச் சொல்லி நான் கேக்கல்ல. அதால நான் தனிய நிக்கமாட்டன். உங்கட பக்கம் நம்புற ஒராளைச் சொல்லுங்க. நாவற்கரை ஆளா மட்டும் இருக்கப்படாது."

அந்த நேரம் புளியமுனைப் பக்கமிருந்து ஒரு பெண்மணி பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். அரசாங்க மருத்துவிச்சி புஷ்பவதி அம்மா. புளியமுனையிலே ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வருகிறார். சாம்பல்தீவிலே வீடு. நாவற்கரை முழுதும் அவர் கையில் பிறந்த பிள்ளைகள். "அம்மா நிக்கட்டும்" என்று கதிரவேல் சொன்னார். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு ஸெய்னுதீனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பிறகு புளியமுனைச் சம்மாட்டி ஜவாஹிர் அவர்கள். அவருடைய தங்கையின் மகன்தான் குத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது. அவர் அழுதுகொண்டு பேசினார்: "எங்கட புள்ளட குடல் வெளிய வந்து கிடக்கு சேர். எங்களுக்குக் கோடு வேணாம். நியாயம் வேணும்."

"நியாயத்த நீதிமன்றத்தில கேளுங்க, ஜவாஹிர். வெட்டின வலைக்கும், எரிச்ச வாடிக்கும், குத்தினவனுக்கும் வழக்குப் போடுங்க. நான் தடுக்கமாட்டன். நான் மண்ணில போடுற கோடு நியாயம் சொல்லாது. பாடு ஆருட எண்டும் சொல்லாது. அத நீதிபதி சொல்லும் மட்டும் ஆரும் சாகாம இருக்கிறதுக்கு மட்டுந்தான் இது."

சட்டத்தரணி நண்பர்களே, கவனியுங்கள்! சாசனத்தின் நாற்பதாம் உறுப்புரை இடைக்கால நடவடிக்கை பற்றிச் சொல்கிறது. அது கட்சிக்காரர் எவருடைய உரிமைக்கும், கோரிக்கைக்கும், நிலைப்பாட்டுக்கும் பங்கம் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. கடல்களுக்கு அப்பால் எழுதியதை அந்த மனிதர் இறக்கக்கண்டி மணலிலே, கத்திகளுக்கு நடுவிலே நின்று, இரண்டு சம்மாட்டிமாருக்கும் விளங்குகிற தமிழிலே சொன்னார்!

அன்று வெயில் ஏறி இறங்கும்வரை பேச்சு நடந்தது. முடிவிலே இரண்டு பக்கமும் ஓம் சொன்னது இவ்வளவுதான். வழக்கு முடியும்வரை நடுப்பாட்டிலே எவரும் வலை வளைப்பதில்லை. இரண்டு ஊரும் ஏற்றுக்கொண்ட வெளியூர் ஆட்கள் விடியற்காலையில் அங்கே நிற்பார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் நிற்பார்கள், அந்தப் பக்கமும் நிற்பார்கள். கையிலே தடிகூட இருக்காது. ஒரு பக்கம் அவர்களைப் போகச் சொன்னால் போவார்கள். ஆனால் சொன்னவுடன் போகமாட்டார்கள். இரண்டு ஊர்ச் சம்மாட்டிமாரும் ஒருதரம் நேருக்கு நேர் இருந்து பேசிய பிறகே போவார்கள்.

இந்தக் கடைசி ஏற்பாட்டிலே அவர் விடாப்பிடியாக நின்றார். ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்குகிறதல்லவா? காசாவிலே இல்லாமல் போனதை நம்முடைய கரையிலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அது இலகுவாகவா நடந்தது? அடுத்த ஆண்டு ஒரு காலை, நீரோட்டத்திலே நாவற்கரையாரின் வலை நடுப்பாட்டுக்குள் ஒதுங்கியது. சத்தம் எழுந்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. நடுவிலே நின்ற ஸெய்னுதீனின் நெற்றி பிளந்து வெள்ளைச் சேட்டு சிவந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் துடுப்பைத் தூக்கினார்கள். முன்னால் நின்றவர்களும் தூக்கினார்கள். அவர் என்ன செய்தார்? மணலிலே சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார். இரத்தம் கண்ணை மறைக்க, புஷ்பவதி அம்மா துணியால் அழுத்திப் பிடித்திருக்க, அவர் சொன்னார்: "அடிபட்டது எனக்கு. உங்க ரெண்டு பேருக்கும் இதில வழக்கு இல்ல. துடுப்பக் கீழ வையுங்க."

முதலில் ஒன்று விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு எல்லாம்.

ஆஸ்பத்திரியிலே நான் அவரோடு சண்டை பிடித்தேன். "ஆர் எறிஞ்சது? நீங்கள் கண்டிருப்பீங்கள். சொல்லுங்கோ" என்றேன். "சொல்லமாட்டன்" என்றார். "குற்றம் செய்தவனை மறைக்கிறது சட்டத்தரணிக்கு அழகோ?" என்று கேட்டேன். "நான் அங்க சட்டத்தரணியா நிக்கல்ல, சிவா. பேர் சொன்னா அண்டைக்கே நான் ஒரு பக்கத்து ஆளாப் போயிடுவன். பிறகு அந்தக் கோட்டில நிக்க எனக்கு உரிமை இல்ல" என்றார். அவர் சொன்னது சரியா, பிழையா? இன்றும் எனக்கு முடிவாகத் தெரியாது. குற்றம் குற்றம்தான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கல்லோடு நிற்க வேண்டிய சண்டை அந்தக் கல்லோடு நின்றது. அது எனக்குத் தெரியும்.

அவர் காத்தது அந்தக் கோட்டை மட்டுமா? சண்டை வருமுன்பே அதை மோப்பம் பிடிப்பார். நாவற்கரைப் பெண்கள் புளியமுனைக் கிளினிக்குக்கு வராமல் விட்டார்கள் என்று புஷ்பவதி அம்மா சொன்னால் போதும். அன்றே கார் புறப்படும். என்ன கதை பரவியது, யார் பரப்பினார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரை அழைக்காமல் விட்டார்கள் என்று கேட்டு, அந்த முடிச்சை அன்றே அவிழ்த்துவிட்டு வருவார். "ஐ.நா. பொதுச் செயலாளருக்கு ஒரு உரிமை இருக்கு, சிவா. தொண்ணூற்றொன்பதாம் உறுப்புரை. சமாதானத்துக்கு ஆபத்து வரலாம் எண்டு தோணினா, ஆரும் முறையிடாமலே அவர் சபைக்குச் சொல்லலாம். நெருப்புப் பிடிச்சாப்புறகு மணி அடிக்கிறதுக்கு ஒரு செயலாளர் எதுக்கு?" என்பார்.

நான் வாதாடிய நடுப்பாட்டு வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இத்தனை ஆண்டும் அந்தக் கரையிலே ஒரு உயிரும் போகவில்லை. அது என் கட்டளையால் அல்ல.

கடந்த வாரம், கிண்ணியாத் துறையிலே ஆற்றைக் கடக்கிற பாதைப் படகுக்காகக் காத்து நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கரைக்கு வந்த அந்தப் படகிலேயே அவர் உடலை ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஜனாஸா ஊர்வலத்திலே புளியமுனையார் சந்தூக்குப் பெட்டியைச் சுமந்தார்கள். நாவற்கரையார் வெயிலிலே பின்னால் நடந்து வந்தார்கள். கதிரவேல் அவர்களே, நீங்களும் வந்தீர்கள். அடக்கம் செய்த மையவாடியின் வாசலிலே நீங்கள் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அதே மனிதர் அடுத்த கிழமை சந்தையிலே அப்படிச் சொல்லலாமா?

(இடப்பக்கத்தில் சலசலப்பு. கதிரவேல் எழுந்து நிற்கிறார்.)

எழும்பிவிட்டீர்கள். பேசத்தானா, போகத்தானா? பேசத்தான் என்றால் பேசுங்கள். தலைவர் அவர்கள் தலையசைக்கிறார். பேசுங்கள்.

(கதிரவேல்: "ஐயா, நீங்கள் எங்கட லோயர். எங்களையே சபையில வச்சுக் குறை சொல்லுறீங்கள். நாங்கள் ஓம் சொன்னது ஸெய்னுதீன் ஐயாவின்ர முகத்துக்கு. அவர் நிண்டபடியால் பொறுத்தனாங்கள். இவ்வளவு காலமும் நடுப்பாட்டு மீனை விட்டனாங்கள். இனி ஆருக்காகப் பொறுக்கிறது?")

நல்ல கேள்வி. இந்தக் கூட்டத்திலே கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வி அதுதான். சட்டத்தரணியாகவே பதில் சொல்கிறேன். ஒரு உடன்படிக்கை செய்தால் அது யாரைக் கட்டும்? செய்தவரை. நடுவிலே நின்றவர் இறந்தால் அது செத்துப்போகுமா? ஸெய்னுதீன் அந்த உடன்படிக்கையிலே கட்சிக்காரர் இல்லை! கட்சிக்காரர் நீங்கள் ஒருவர், ஜவாஹிர் ஒருவர். நீங்கள் இருவரும் என் கண் முன்னால் உயிரோடு இருக்கிறீர்கள். அப்படியானால் உடன்படிக்கை எப்படி மௌத்தாகும்?

அதை முடிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. உரிமை உண்டு. சம்மதத்தில் நின்றது சம்மதம் போனால் போகும். ஸெய்னுதீன் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் சந்தையிலே சொல்லி முடிக்க ஏலாது. நேருக்கு நேர் சொல்ல வேண்டும். இதோ, ஜவாஹிர் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நாளை காலை நாங்கள் வலையோடும் மண்டாவோடும் வருவோம், உன் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள் என்று சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்!

(கதிரவேல் ஜவாஹிரின் பக்கம் பார்த்துவிட்டு உட்காருகிறார். வலப்பக்கத்திலிருந்து ஜவாஹிர் எழுகிறார்: "சேர், எங்கட பக்கமும் கேளுங்க. நாங்களும் நடுப்பாட்ட விட்டுத்தான் இருந்த. இப்ப அவர் இல்ல. நாளைக்கு நடுவில நீங்க வந்து நிண்டா நாங்க நம்ப மாட்டம். நீங்க அவங்கட லோயர். கட்டளை எடுத்ததும் நீங்கதான்.")

சரி. அது சரி! ஜவாஹிர் அவர்களே, நான் நடுவில் நிற்கத் தகுதி உள்ளவன் இல்லை. ஒரு பக்கத்துக்காகக் கூலி வாங்கி வாதாடுகிறவன், வாதாடுவேன் நாளையும். ஸெய்னுதீனின் இடத்திலே நான் நிற்பதாகச் சொன்னால் அதுவே அவர் செய்ததைக் குழப்புவதாகும். அப்படியானால் நீங்கள் சொல்லுங்கள். யார் நின்றால் நம்புவீர்கள்?

(ஜவாஹிர்: "புஷ்பவதி அம்மா நிக்கட்டும்.")

சபையோர் கேட்டீர்களா? புளியமுனையார் ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயரைச் சொல்கிறார்கள். கதிரவேல் அவர்களே?

(கதிரவேல்: "அவவை வேண்டாம் எண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது? எங்கட பிள்ளையளைப் பெறுவிச்சது அவ. ஆனா அவ ஒராள் காணாது. மற்றப் பக்கத்துக்கு றஊப் மாஸ்டர் வரட்டும். அவர் பொய் கதைக்கமாட்டார்.")

தலைவர் அவர்களே! தலைமை வகிக்க வந்த இடத்திலே உங்களைப் பிடித்துவிட்டார்கள். உங்கள் விருப்பம்? ஓம் என்கிறார். தலைவர் ஓம் என்கிறார்!

புஷ்பவதி அம்மா, பின்வரிசையிலிருந்து கை காட்டுகிறீர்கள். சொல்லுங்கள்.

(புஷ்பவதி: "என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே! எல்லாருமாச் சேர்ந்து என்னைக் கடற்கரையில கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டீங்கள். எனக்கும் அறுபது வரப்போகுது. சரி, நிக்கிறன். ரெண்டு பக்கமும் நிக்கிற இளந்தாரியள் நான் கையில ஏந்தின பிள்ளையள்தானே. எனக்கு முன்னால கத்தியோட வரட்டும் பாப்பம்.")

அம்மா, மன்னிக்க வேண்டும். சம்மதம் சம்மதம் என்று இவ்வளவு நேரம் முழங்கிவிட்டு, நடுவில் நிற்கிறவரின் சம்மதத்தைக் கேட்க மறந்துபோனோம்!

சிரிக்கிறீர்கள். இந்த மண்டபத்துக்குள் வந்தபின் முதல்முறை சிரிக்கிறீர்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். நாளை விடியும்வரை எதுவும் முடியவில்லை. கதிரவேல் அவர்களே, ஜவாஹிர் அவர்களே, வழக்கு முடியும்வரை நடுப்பாட்டிலே எவரும் வலை வளைப்பதில்லை. அன்று நீங்கள் ஓம் சொன்னது போல் இன்றும் சொல்வீர்களா? ஸெய்னுதீனின் முகத்துக்காக அல்ல. ஆளுக்காள் முகத்துக்காக.

(ஜவாஹிர்: "ஓம்.")

கதிரவேல் அவர்களே?

(கதிரவேல் எழுந்து ஜவாஹிரைப் பார்த்து: "ஓம். வழக்கு முடியுமட்டும்.")

வழக்கு முடியும்வரை. அந்த நிபந்தனை உங்கள் உரிமை. அதை இந்தச் சபை அறிந்துகொண்டது.

என் பங்குக்கு நான் ஒரு உறுதி தருகிறேன். ஸெய்னுதீன் அவர்களே, உங்களோடு நான் வாதாடிய அந்த நீண்ட வழக்கிலே தோற்றவன் நான் என்று இந்தச் சபை முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன். நாளை விடியற்காலை நான் நடுவிலே நிற்கமாட்டேன். என் கட்சிக்காரர்களுக்கு முன்னால் நிற்பேன். அவர்களில் எவராவது அந்தக் கோட்டைத் தாண்ட நினைத்தால் முதலில் தங்கள் சட்டத்தரணியைத் தாண்ட வேண்டியிருக்கும். புளியமுனையார் பக்கத்திலும் அப்படி ஒருவர் நிற்பார் என்று எதிர்பார்க்கிறேன். மேன்முறையீடு எவ்வளவு காலம் இழுபட்டாலும் அப்படியே நிற்போம். இளம் சட்டத்தரணிகளே, நீங்களும் முறை வைத்து வாருங்கள். அந்தச் சட்டத்தை ஸெய்னுதீன் உங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. வந்து நின்றுதான் படிக்க வேண்டும்.

இனி நான் வெளியே போய் ஜீப்பிலே இருக்கிற இன்ஸ்பெக்டரிடம், நாளை உங்கள் ஆட்கள் வீதியோடு நிற்கட்டும் என்று கேட்கப் போகிறேன். அவர் என்ன உறுதி கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே சம்மாட்டிமார் இருவரும் என்னோடு வாருங்கள். நான் சொல்வதை விட நீங்கள் சொன்னால் அவர் நம்புவார். மௌன அஞ்சலியைத் தலைவர் அவர்கள் நடத்திக்கொண்டிருக்கட்டும். நாங்கள் மூன்று பேரும் எங்கள் அஞ்சலியை வாசலிலே செலுத்துகிறோம்.

வாருங்கள் கதிரவேல். வாருங்கள் ஜவாஹிர்.